காட்டில் இறுகிய பால்

பேராக்கின் பாகான் செராய் கடைத்தெருவில் ஒரு பல் கிளினிக். வேர் சிகிச்சை முடியும் தறுவாயில் மருத்துவர் இளஞ்சிவப்புக் குச்சி ஒன்றை இடுக்கியால் எடுக்கிறார். நீளம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு, நுனி 0.25 மில்லிமீட்டர். பெயர் கட்டாபெர்ச்சா. இப்போது கொரியாவிலோ சீனாவிலோ உருட்டப்பட்டு டப்பாவில் வருகிறது. ஆனால் அதன் பிறந்தகம் மலாயாக் காடுகள். பேராக் காடும் அதில் சேர்த்தி.

தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கு இது தூரத்து உறவில்லை. ரப்பர் மரம் தருவதும், கட்டாபெர்ச்சாவின் தாய்மரமான தாபான் தருவதும் ஐசோப்ரீன் சங்கிலிதான். ரப்பரில் அது நெளிந்து கிடப்பதால் இழுத்தால் நீளும். தாபானில் நேராக இருப்பதால் நெருக்கமாக அடுக்கிக்கொண்டு கெட்டிப்படும். தாபானுக்குக் கோடு கீறி மங்கு வைத்துக் காத்திருக்கவும் முடியாது. வெட்டுவாயிலேயே பால் உறைந்துவிடும். அதனால் மரத்தையே சாய்த்து, பட்டையை வளையம் வளையமாக வெட்டிச் சுரண்டினார்கள். 1843-இல் சிங்கப்பூரிலிருந்து மருத்துவர் மாண்ட்கோமரி லண்டனுக்கு அனுப்பிய மாதிரிகளோடு தொடங்கியது வேட்டை. 1851-இல் டோவர்–கலே, 1866-இல் அட்லாண்டிக் என்று கடலடித் தந்திக் கம்பிகளுக்கெல்லாம் உறை இதுதான். லட்சக்கணக்கான மரங்கள் விழுந்தன. அந்தக் கணக்கை யாரும் தீர்க்கவில்லை என்ற ஆற்றாமை எனக்கு உண்டு.

அமெரிக்காவில் 1847-இல் ஏசா ஹில் கட்டாபெர்ச்சாவைப் பற்குழி அடைக்கும் பசையாக்கினார். 1867-இல் பௌமன் வேர்க்குழாய்க்குள் கொண்டுபோனார். இன்றைய குச்சியில் ஐந்தில் ஒரு பங்குதான் காட்டுப் பால்; பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு.

சூடாக்கினால் இளகும், ஆறினால் ஒன்றிரண்டு சதவீதம் சுருங்கும். அதனால்தான் ஆறும் வரை கருவியால் அழுத்திக்கொண்டே இருக்கிறார் மருத்துவர். அந்தச் சுருக்கத்தைக் கை அழுத்தத்தால் ஈடுகட்டலாம். சங்கிலி கோக்கும் பெரிய வேலை மரத்துக்குள்ளேயே முடிந்துவிட்டதல்லவா!

அதற்கு மேல் வைக்கும் பல் நிறப் பிசின் அப்படியில்லை. 1962-இல் அமெரிக்காவின் ரஃபேல் போவென் காப்புரிமை பெற்ற பிசின்வழி வந்த பொருள் இது. கண்ணாடித் தூள் கலந்தது. கற்பூரத்திலிருந்து பெறும் கேம்பர்குயினோன் நீல ஒளியை வாங்கி வினையைத் தொடங்கிவைக்கிறது. அதுவரை விலகி நின்ற மூலக்கூறுகள் பிணைந்து ஒட்டிக்கொள்கின்றன; இடைவெளி குறைகிறது; கன அளவில் இரண்டு மூன்று சதவீதம் சுருங்குகிறது. சங்கிலி கோப்பது நம் பல்லுக்குள்ளேயே என்பதால், அந்த இழுவையைத் தாங்குவதும் நம் பல்தான். ஒட்டு விட்டால் ஓரத்தில் இடுக்கு விழும், எச்சில் கசியும். ஒட்டு விடாவிட்டால் பல்முனை உள்நோக்கி வளையும், கடிக்கும்போது கூசும். குழியின் எத்தனை சுவர்களில் பிசின் ஒட்டியிருக்கிறதோ அத்தனைக்கு இழுவை கூடும் என்று 1987-இல் ஃபைல்சரும் கூட்டாளிகளும் காட்டினார்கள். பெட்டி போன்ற ஆழக்குழிதான் மிக மோசம்.

ஆகவே அவசரம் கூடாது. நல்ல மருத்துவர் இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்படாமல், எதிரெதிர்ச் சுவர்களை ஒரே நேரத்தில் தொடாமல் சாய்வாக ஒரு படலம் வைப்பார், விளக்கைக் காட்டுவார், பிறகு அடுத்த படலம். வாயைத் திறந்தபடி படுத்திருப்பவருக்கு இந்தத் தாமதம் எரிச்சல்தான். இருந்தாலும் கேட்டு வாங்க வேண்டிய தாமதம் அது.