டோபர்மன்களின் தூக்கநோயும் அது காட்டிய வழியும்

ஜெர்மனியின் அபோல்டா நகரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வரிவசூல் பணியாளர் டோபர்மன் உருவாக்கிய காவல் நாயினம் இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. தேர்ந்த சில நாய்களை அவற்றின் ரத்த உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்ப இணைசேர்த்துத்தான் தூய இனங்களின் தோற்றமும் குணமும் நிலைநிறுத்தப்படுகின்றன. அப்படிச் சேர்க்கையில், ஒளிந்திருக்கும் பழுதான மரபணு தாய்வழியிலும் தந்தைவழியிலும் வந்து ஒரே குட்டியிடம் கூடிவிடும். சில டோபர்மன் குடும்பங்களில் அது நார்கோலெப்சி என்ற தூக்கநோயாக வெளிப்பட்டது. உணவைக் கண்ட மகிழ்ச்சியிலேயே கால்கள் துவண்டு, நினைவோடு இருக்கும்போதே நாய் சரிந்துவிடும். 1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிமென்ட் இத்தகைய நாய்களைச் சேர்த்து வளர்க்கத் தொடங்கினார். 1999இல் எம்மானுவேல் மிக்னோவின் குழு காரணத்தைக் கண்டறிந்தது: விழிப்பைக் காக்கும் ஹைப்போகிரெட்டின் என்ற மூளைப்பொருளை ஏற்கும் புரதத்தின் மரபணு சிதைந்திருந்தது. லாப்ரடாரிலும் அதே மரபணுதான், ஆனால் வேறோர் இடத்தில் சிதைந்திருந்தது. தற்செயல் என்று தள்ள முடியாத சான்று இது.

மனித நோயின் மரபணுவை நாய்கள் காட்டிக்கொடுத்தன என்று இதைச் சுருக்கிவிடுவது பிழை. நார்கோலெப்சி உள்ள மனிதர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அந்த மரபணுவில் பழுதில்லை. அவர்களிடம் ஹைப்போகிரெட்டினைச் சுரக்கும் செல்களே அழிந்துபோயிருக்கின்றன. இது 2000இல் தெரியவந்தது. நாய்கள் காட்டியது நோயின் காரணத்தை அல்ல, தேட வேண்டிய பாதையை. பரம்பரை நோய் ஒன்று பெரும்பாலும் பரம்பரையாக வராத நோயை விளக்கியது என்பதில்தான் இந்த வரலாற்றின் அருமை இருக்கிறது. அதே 1999இல் மசாஷி யனகிசாவாவின் குழு எலிகளிலும் அந்தப் பாதையையே எட்டியதே, நாய்கள் தேவைதானா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எலிகளில் ஹைப்போகிரெட்டினை உருவாக்கும் மரபணுவை மனிதர்கள் திட்டமிட்டு நீக்கினார்கள். நாய்களில் அதை ஏற்கும் புரதத்தின் மரபணு இயல்பாகவே பழுதாகியிருந்தது. தனித்தனியே தொடங்கிய இரண்டு தேடல்கள் ஓரிடத்தில் சந்தித்ததால்தான் ஐயம் விரைவாக நீங்கியது. அதற்கு முன்பே, தசைத் துவள்ச்சிக்கான மருந்துகள் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை இந்த நாய்களிடம்தான் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள்.

நோயுற்ற உயிர்களை வேண்டுமென்றே பெருக்கியது சரியா என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. அறிவியல் பயனைச் சொல்லி அதை முழுதாகத் தீர்த்துவிட முடியாது என்றே கருதுகிறேன். அந்தக் கடனை நாயினத்துக்கே திருப்பித் தரும் வழி மரபணுப் பரிசோதனையில் இருக்கிறது. பழுதைச் சுமக்கும் நாயை ஒதுக்கவோ கொல்லவோ வேண்டியதில்லை. பழுதில்லாத நாயோடு இணைசேர்த்தால் ஒரு குட்டிக்கும் இந்த நோய் வராது.