தூய எரிசக்தித் தீர்வை: ஒரு வரியின் பெயரும் நோக்கமும் (2010 – 2025)

காலநிலை மாற்றத்தைக் கருத்திற்கொண்டு இந்திய நடுவணரசு விதித்த வரிகளுள் தலையாயது, 2010ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த தூய எரிசக்தித் தீர்வையாகும். நிலக்கரி, பழுப்பு நிலக்கரி, பீட் எனப்படும் முதிராக் கரி ஆகிய மூன்றின்மீதும் டன்னுக்கு 50 ரூபாய் என்ற அளவில் அது தொடங்கியது. ஏழாண்டுகளில் அத்தீர்வை நீங்கி, அதே அளவில் வேறொரு தீர்வை அதன் இடத்தைப் பிடித்தது; 2025இல் அதுவும் நிலக்கரியைவிட்டு அகன்றது. விகிதத்தை மட்டும் நோக்குவோர்க்கு 50, 100, 200, 400 எனப் படிப்படியாக உயர்ந்த வலிமையான சூழல் வரி ஒன்றே கண்ணிற்படும். திரட்டிய பணம் எங்குச் சென்றது எனத் தேடுவோர்க்குக் கிட்டுவது வேறொரு வரலாறு. அதனை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 'செஸ்' என நாளேடுகள் அப்படியே எழுதும் சொல்லுக்குத் தமிழில் 'மேல்வரி', 'தீர்வை' என இரண்டும் ஆளப்படுகின்றன. குறித்ததொரு செலவுக்கென்றே தண்டப்படும் வரி என்னும் பொருள் இவ்விரண்டிலும் வெளிப்படவில்லை. கல்வெட்டுகளில் காணப்படும் 'ஏரிஆயம்' என்ற வரிப்பெயர் இவ்வகையில் மேலானது. ஏரிக்குரிய வருவாய் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. 'தூய எரிசக்தி' என்ற அடைமொழியும் 2010இல் அப்பணியையே செய்தது. ஆகவே அந்த அடைமொழி எப்போது மாறியது, எப்போது நீங்கியது என்பதைப் பின்தொடர்வது வெறும் சொல்லாராய்ச்சி ஆகாது.

தீர்வை பிறந்த சூழல் தெளிவானது. 2008 ஜூன் 30இல் காலநிலை மாற்றத்திற்கான தேசியச் செயல்திட்டம் எட்டு இயக்கங்களுடன் வெளியிடப்பட்டது. 2009 டிசம்பரில் கோபன்ஹேகன் மாநாடு நடைபெற்ற காலத்தில், 2020ஆம் ஆண்டிற்குள் நாட்டு உற்பத்தி மதிப்பின் ஓரலகுக்கு வெளியாகும் கரிம வளிகளின் அளவை 2005ஆம் ஆண்டு நிலையிலிருந்து 20 முதல் 25 விழுக்காடு வரை குறைப்பதாக இந்தியா அறிவித்தது. 2010 ஜனவரியில் 20,000 மெகாவாட் இலக்குடன் சூரிய ஆற்றல் இயக்கம் தொடங்கப்பெற்றது. இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். 2010 பிப்ரவரி 26இல் நிதிநிலை அறிக்கையை முன்வைத்த பிரணாப் முகர்ஜி, உள்நாட்டில் வெட்டியெடுக்கப்படும் நிலக்கரிக்கும் இறக்குமதியாகும் நிலக்கரிக்கும் ஒருசேரத் தீர்வை விதித்து, அவ்வருவாயைக் கொண்டு தேசியத் தூய எரிசக்தி நிதியம் அமைக்கப்படும் என அறிவித்தார். பழுப்பு நிலக்கரியும் பட்டியலில் இருந்தமையால் நெய்வேலிச் சுரங்கமும் இவ்வரியின் எல்லைக்குள் வந்தது.

இங்கு ஒரு சட்ட நுணுக்கத்தைக் கருதவேண்டும். எந்நோக்கத்திற்கென வரி தண்டினும் அத்தொகை முதலில் இந்தியத் தொகுப்பு நிதியையே சென்றடையும். அதிலிருந்து நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு எடுத்துக் கொடுத்தாலன்றிக் குறித்த நிதியத்திற்கு ஒரு காசும் வாராது. தண்டுவது சட்டக் கட்டாயம். கொடுப்பதோ ஆண்டுதோறும் நிதித்துறை எடுக்கும் முடிவு. மேலும் அரசமைப்புச் சட்டத்தின் 270ஆம் உறுப்பின்படி, இத்தகைய தீர்வைகள் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளும் வரித்தொகுதியில் சேரா. தன்விருப்பில் செலவிடத்தக்க வருவாயாக நடுவணரசு தீர்வைகளை விரும்பியமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

2014 ஜூலையில் அருண் ஜேட்லியின் முதல் நிதிநிலை அறிக்கை விகிதத்தை 100 ரூபாயாக உயர்த்தியது. அதே அறிக்கை தீர்வையின் நோக்கத்தையும் விரித்தது: தூய எரிசக்தியோடு தூய சுற்றுச்சூழல் பணிகளும் சேர்க்கப்பட்டன. கங்கைத் தூய்மைப் பணிக்கும் இந்நிதியத்திலிருந்து பணம் ஒதுக்க இவ்விரிவு இடமளித்தது. 2015 மார்ச்சில் விகிதம் 200 ஆயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் பாரிசு மாநாட்டிற்கென ஐக்கிய நாடுகள் அமைப்பிடம் இந்தியா அளித்த உறுதிமொழி ஆவணத்தில், 50 ரூபாயிலிருந்து 200 ரூபாய்க்கு உயர்ந்த இத்தீர்வை நாட்டின் காலநிலை நடவடிக்கைகளுள் ஒன்றாக எடுத்துக்காட்டப்பட்டது. 2016 மார்ச்சில் 400 ரூபாயாகியபோது பெயரும் 'தூய சுற்றுச்சூழல் தீர்வை' என மாறியது. விகிதம் உச்சத்தைத் தொட்ட ஆண்டிலேயே 'எரிசக்தி' என்னும் சொல் பெயரிலிருந்து நீங்கியது நோக்கத்தக்கது.

இவ்வரியைச் செலுத்தியோர் யார்? சுரங்க நிறுவனங்கள் அன்று. அனல்மின் நிலையம் ஓர் அலகு மின்சாரத்திற்கு ஏறத்தாழ 0.7 கிலோ நிலக்கரியை எரிப்பதாகக் கொண்டால், டன்னுக்கு 400 ரூபாய் என்பது அலகுக்கு 28 காசு ஆகிறது. மின்னுற்பத்தியாளர்கள் இதனைச் 'சட்ட மாற்றத்தால் நேர்ந்த கூடுதல் செலவு' எனக் காட்டி, ஒழுங்குமுறை ஆணையத்தின் இசைவோடு மின்பகிர்மான நிறுவனங்களிடம் பெற்றுக்கொண்டனர். நிறைவில் சுமை மின்கட்டணத்தை வந்தடைந்தது. விளக்கெரித்தவர் செலுத்திய இத்தொகைக்கு ஈடாக அவர் எதனைப் பெற்றார் என்பதே உண்மையான வினா.

அதற்கு விடை நடுவண் நிதியமைச்சின் கணக்கிலேயே உள்ளது. 2010–11 முதல் 2017–18 வரை நிலக்கரித் தீர்வையாகத் திரண்டது ஏறத்தாழ 86,440 கோடி ரூபாய். நிதியத்திற்கு மாற்றப்பட்டது 29,645 கோடி. திட்டங்களுக்கு அந்நிதியத்திலிருந்து சென்றது 15,911 கோடி. அஃதாவது, தண்டிய நூறு ரூபாயில் பதினெட்டு ரூபாய் மட்டுமே சொன்ன வழியில் சென்றது. அப்பதினெட்டு ரூபாயும் வீண்போகவில்லை என்பதையும் கூறியாகவேண்டும். காற்றாலை, சூரிய ஆற்றல் மிகுந்த தமிழகம், குஜராத், இராஜஸ்தான் உள்ளிட்ட எட்டு மாநிலங்களில் பசுமை மின்வழித்தடங்கள் அமைக்க இந்நிதியம் மானியம் அளித்தது. உற்பத்தியான காற்றாலை மின்சாரத்தைக் கொண்டுசெல்லக் கம்பித்தடம் இன்றி ஆலைகளை நிறுத்திவைக்க நேர்ந்த பகுதிகளுக்கு இஃது இன்றியமையாத உதவி. எஞ்சிய தொகையும் இவ்வாறே சென்றிருப்பின் என எண்ணாதிருக்க இயலவில்லை.

2017 ஜூலை 1இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது தூய சுற்றுச்சூழல் தீர்வை நீக்கப்பட்டது. அதே நாளில், அதே பொருள்களின்மீது, அதே 400 ரூபாய் அளவில் 'சரக்கு மற்றும் சேவை வரி இழப்பீட்டுத் தீர்வை' விதிக்கப்பட்டது. 2015–16ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு, ஆண்டுக்கு 14 விழுக்காடு வரி வளர்ச்சியை மாநிலங்களுக்கு ஐந்தாண்டுகள் உறுதிசெய்வது அதன் நோக்கம். இதனை ஏமாற்று என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. மாநிலங்கள் தம் வரிவிதிப்புரிமையின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்திருந்தன. அவற்றுக்களித்த வாக்கைக் காக்கப் பணம் வேண்டியிருந்தது. முன்பு மாநிலங்களுக்குப் பங்கில்லாதிருந்த நிலக்கரிப் பணம் இப்போது மாநிலங்களுக்கே சென்றது என்பதும் உண்மை. ஆயின் அது வருவாய்க் குறைவின் அளவில் பகிரப்பட்டதேயன்றி, ஜாரியா, தால்சேர், கோர்பா, சிங்ரௌலி போன்ற சுரங்கப் பகுதிகளின் நிலையைக் கருதிப் பகிரப்படவில்லை. நிலக்கரி குறையுங்கால் முதலில் வேலையிழக்கக்கூடியவர் வாழும் ஊர்கள் இவை.

இரு தீர்வைகளும் ஒன்றா, வேறா என்ற வினா நீதிமன்றம் சென்றது. 2017 ஜூலைக்கு முன்பே தூய சுற்றுச்சூழல் தீர்வை செலுத்திய நிலக்கரியை இருப்பில் வைத்திருந்த வணிகர்கள், அதே கரிக்கு மீண்டும் தீர்வை செலுத்த நேர்ந்தமையால், முன் செலுத்தியதைக் கழித்துக்கொள்ள இசைவு கோரினர். மோகித் மினரல்சு வழக்கில் 2018 அக்டோபர் 3இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் இழப்பீட்டுத் தீர்வை செல்லும் என்றது. இரண்டும் வெவ்வேறு நோக்கங்கட்கான வெவ்வேறு வரிகள் ஆதலின் கழிவுக்கு உரிமை இல்லை என்றும் முடிவுசெய்தது. வணிகர் தரப்பில் இது தோல்வி. வரலாற்று ஆய்வாளர்க்கோ இது மிக மதிப்புடைய சான்று. 2017க்குப் பிறகும் டன்னுக்கு 400 ரூபாயைக் 'கரிம வரி' எனச் சுட்டும் எழுத்துகள் வந்துகொண்டிருந்தன. அவ்வாறு கருத இடமில்லை என்பது அத்தீர்ப்பிலிருந்தே பெறப்படுகிறது.

ஐந்தாண்டுகள் 2022 ஜூனில் முடிந்தன. ஆயினும் தீர்வை முடியவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் மாநிலங்களின் இழப்பை ஈடுசெய்ய 2020–21, 2021–22 ஆகிய இரண்டாண்டுகளிலும் வாங்கிய ஏறத்தாழ 2.69 லட்சம் கோடி ரூபாய்க் கடனை அடைக்கவென அது 2026 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. சூரியத் தகடுகளுக்காகத் தொடங்கிய வரி பழைய கடனின் தவணையாயிற்று.

2025 செப்டம்பர் 3இல் கூடிய சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தின் முடிவுப்படி, அம்மாதம் 22ஆம் நாள் முதல் நிலக்கரிக்கு இழப்பீட்டுத் தீர்வை நீங்கியது. வரி 5 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்ந்தது. இம்மாற்றம் விகிதத்தைவிட அளவுகோலைப் பற்றியது. பழைய தீர்வை எடையின்மீது விழுந்தது. புதியது விலையின்மீது விழுகிறது. டன் 1,000 ரூபாய் விலையுள்ள தாழ்தரக் கரிக்கு முன்பு 5 விழுக்காட்டு வரி 50, தீர்வை 400 என 450 ரூபாய் செலுத்தவேண்டியிருந்தது. இப்போது 180 ரூபாய் போதும். டன் 5,000 ரூபாய் விலையுள்ள உயர்தரக் கரிக்கு 650 ரூபாயாக இருந்தது 900 ஆகிறது. ஏறத்தாழ 3,077 ரூபாய் விலைக்குக் கீழுள்ள கரிக்கெல்லாம் சுமை குறைந்துள்ளது. மிகுந்த சாம்பலும் குறைந்த வெப்பமும் உடைய கரியே மலிவானது என்பதை நினைவிற்கொண்டால், வரிக்கும் புகைக்கும் இருந்த தொடர்பு எவ்வளவு தளர்ந்துவிட்டது என்பது விளங்கும். மறுபக்கம், முன்னைய தீர்வை மலிவான உள்நாட்டுக் கரியை விலையுயர்ந்த இறக்குமதிக் கரியைக் காட்டிலும் விகித அளவில் கடுமையாகத் தாக்கியது என்ற குறைபாட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. வெப்ப அளவையோ கரிம அளவையோ அடிப்படையாகக் கொண்டு இதனைத் தீர்த்திருக்கலாம். விலையை அடிப்படையாகக் கொண்டனர்.

இதே 2025ஆம் ஆண்டில் நாட்டின் நிறுவப்பட்ட மின்னாக்கத் திறனில் பாதி, புதைபடிவ எரிபொருள் சாராததாகியது. தீர்வை சிதறியும் இது நிகழ்ந்ததெனின் தீர்வை தேவையே இல்லை என்று வாதிடுவோர் உளர். தகடுகளின் விலை வீழ்ச்சியும் ஏலமுறையும் மின்னாக்கத் திறனைப் பெருக்கின என்பது உண்மை. 2017இல் பட்லா ஏலத்தில் அலகு 2.44 ரூபாய்க்கு இறங்கியது. ஆனால் ஏலத்தில் எவரும் ஏற்க முன்வராத பணிகள் சில உண்டு. மூடப்படும் சுரங்கத்தைச் சார்ந்த ஊருக்கு மாற்றுத் தொழில் அமைப்பது அவற்றுள் ஒன்று. 2010இன் சட்டத்தில் அப்பணிக்கெனத் தனி இடம் இருந்ததில்லை. எனினும் அதற்குப் பயன்படுத்தியிருக்கக்கூடிய ஒரு நிதியம் இருந்தது. 2023 ஜூனில் அறிவிக்கப்பட்ட கரிம வரவு வணிகத் திட்டம் ஆலைகளிடையே வரவுகளை வாங்கவும் விற்கவும் வழிசெய்கிறதேயன்றி, அரசுக்கென நிதியம் எதனையும் திரட்டுவதில்லை.