நேரோபோட்: பழைய படகு வாங்குதலும் பராமரிப்பும்

நேரோபோட் என்பது இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் குறுகிய கால்வாய்களில் செல்வதற்கென்றே கட்டப்படும் நீண்டு ஒடுங்கிய படகு. வழக்கமான அகலம் 6 அடி 10 அங்குலம். நீளம் 70 அடியைத் தொடும். இந்த விசித்திர அளவைத் தீர்மானித்தவர்கள் கால்வாய் வெட்டியவர்கள். படகு கட்டியவர்கள் அதற்குப் பணிந்து போனார்கள். 1766-இல் நாடாளுமன்ற அனுமதி பெற்ற டிரெண்ட்–மெர்சி கால்வாயில், படகுகளை மேட்டிலும் பள்ளத்திலும் ஏற்றி இறக்கும் ‘லாக்’ என்ற மதகுத் தொட்டிகளை ஜேம்ஸ் பிரிண்ட்லி ஏறத்தாழ 7 அடி அகலத்தில் அமைத்தார். நடு இங்கிலாந்தின் கால்வாய்கள் பலவும் அதே அளவைப் பின்பற்றின. நீளத்துக்கும் இதே கதைதான். கால்டர்–ஹெபிள் நீர்வழியின் சில தொட்டிகள் மிகக் குட்டை என்பதால், 57 அடிப் படகுக்குத்தான் ‘எங்கும் போகும்’ என்ற பெயர். ஆகவே ஒரு படகின் நீளத்தைத் தேர்ந்தெடுப்பவர், தெரிந்தோ தெரியாமலோ, அது போகக்கூடிய ஊர்களையும் தேர்ந்தெடுத்துவிடுகிறார்.

சரக்குப் போக்குவரத்துக்கென்று பிறந்த இப்படகுகள் இன்று வீடாகவும் விடுமுறை வண்டியாகவும் வாழ்கின்றன. 1962–63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தபின், தேய்ந்துகொண்டிருந்த சரக்குத் தொழில் ஏறக்குறைய முடிந்தே போனது. அதற்கு முன்பே, ‘நேரோ போட்’ (1944) என்ற எல். டி. சி. ரோல்ட்டின் நூல் கால்வாய் வாழ்வின்மேல் ஒரு மோகத்தைக் கிளப்பியிருந்தது. 1946-இல் அவரும் ராபர்ட் எய்க்மனும் சேர்ந்து உள்நாட்டு நீர்வழிச் சங்கத்தைத் தொடங்கினர். ரோல்ட் குடியிருந்த ‘கிரெஸ்ஸி’ ஒரு பழைய மரப்படகு. ஏராளமானோரைக் கால்வாய்க்கு இழுத்துவந்த அந்தப் படகையே 1950-களின் தொடக்கத்தில் மர உளுப்பு தின்று முடித்தது. பழைய படகு வாங்க நினைப்பவர் அந்த நூலோடு இந்த முடிவையும் நினைவில் வைப்பது நல்லது. இப்போது ‘கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்’ பராமரிக்கும் சுமார் 2,000 மைல் நீர்வழிகளில் ஏறத்தாழ 35,000 படகுகள் உள்ளன. நேரோபோட்டுகள் பெரும்பாலும் எஃகினால் ஆனவை. மரத்துக்கு உளுப்பு என்றால் எஃகுக்குத் துரு. எதிரி மாறியதே தவிரச் சண்டை ஓயவில்லை.

பழைய படகுக்கான விளம்பரத்தில் தேக்குப் பலகை, வார்ப்பிரும்பு அடுப்பு, புதுச் சமையலறை, வட்டச் சன்னல் ஆகியவற்றின் படங்கள்தான் இருக்கும். விலையும் பெரும்பாலும் அவற்றையொட்டியே சொல்லப்படும். ஆனால் வாங்குபவர் உண்மையில் வாங்குவது தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் எஃகின் எஞ்சிய தடிமனை. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தத் தடிமன் குறைந்துவரும் வேகத்தை. மற்ற எல்லாவற்றையும் படகு மிதந்துகொண்டிருக்கும்போதே மாற்றலாம். என்ஜினைத் தூக்கிவிட்டு வேறொன்று வைக்கலாம், அடுப்பை விற்கலாம், பலகையைப் பிரிக்கலாம். படகின் கூடு ஒன்றைத்தான் அப்படி மாற்ற முடியாது. எனவே பழைய படகு வாங்குவது என்பது முந்தைய உரிமையாளர்களின் பராமரிப்புப் பழக்கத்தை விலை கொடுத்து வாங்குவது. கட்டிய ஆண்டு, கட்டிய பட்டறை, உள் அலங்காரம் எல்லாம் அதற்குப் பிற்பாடு.

அண்மைக் காலத்தில் கட்டப்பட்ட படகுகளில் அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத்தகடு 6, கேபின் சுவர் 4 என்பது பரவலான அளவு. தரகர்கள் இதை ‘10/6/4’ என்று எழுதுவார்கள். 1970, 80-களின் படகுகள் பலவற்றில் அடித்தகடே 6 மில்லிமீட்டர்தான். மார்க்கெட் ஹார்பரோவில் சாம் ஸ்பிரிங்கரின் பட்டறை கட்டித் தள்ளிய மலிவுப் படகுகள் பழைய எரிவாயுத் தொட்டிகளை வெட்டிச் செய்யப்பட்டவை என்றொரு வதந்தி இன்றும் கால்வாய்க் கரையில் உலவுகிறது. உண்மை எதுவானாலும், அந்தப் படகுகளின் V வடிவ அடிப்பகுதி மெல்லிய தகடு என்பதுதான் வாங்குபவருக்கு வேண்டிய செய்தி. தகடு எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை. காற்றும் நீரும் மாறிமாறிப் படும் நீர்மட்டக் கோட்டில் அரிப்பு அதிகம். கரையிலும் தொட்டிச் சுவரிலும் உரசிப் பூச்சு பெயரும் விளிம்புகள் அடுத்த இடம். இன்னும் சில இடங்களில் ஒருவகை நுண்ணுயிரிகள் பூச்சுக்கடியில் குடியேறி, ஊசியால் குத்தியது போன்ற ஆழக் குழிகளை உண்டாக்கும். சராசரித் தடிமன் நன்றாக இருக்கும்போதே ஒரு குழி தகட்டைத் துளைத்துவிடலாம். படகை மூழ்கடிக்க அந்த ஒரு குழி போதும்.

துரு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதைப் பலர் மறக்கிறார்கள். படகு நிமிர்ந்து நிற்பதற்காகத் தரைப் பலகைக்குக் கீழே செங்கல்லோ நடைபாதைக் கல்லோ பாரமாக அடுக்கப்பட்டிருக்கும். குளியலறைக் குழாயில் கசியும் நீர், சன்னலோரம் வழியும் மழை, குளிர்காலத்தில் சுவரில் வியர்த்து இறங்கும் ஈரம் எல்லாம் அந்தக் கற்களுக்கடியில் தேங்கும். வெளியே பளபளவென்று தார் பூசிய படகின் அடித்தகடு உள்ளிருந்து இற்றுக்கொண்டிருக்கும். படகின் பின்கோடியில் தரையைத் திறந்து பார்க்கும் சிறு மூடி இருந்தால் வாங்குபவர் முதலில் அங்கே கையை விட்டுப் பார்க்க வேண்டும். சமையலறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அப்படியொரு மூடியே இல்லாத படகில் அடித்தகட்டின் உட்புறத்தை உரிமையாளர் ஒருபோதும் பார்த்ததில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி ஆய்வு செய்வதுதான் இவ்வணிகத்தின் நடுநாயகம். விலை பேசி, பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு முன்பணம் கட்டி, ‘ஆய்வு முடிவுக்கு உட்பட்டு’ என்று ஒப்பந்தம் செய்துகொள்வது வழக்கம். வாங்குபவர் தாமே அமர்த்தும் சர்வேயர், உலர்துறையிலோ பாரந்தூக்கியிலோ படகைப் பார்த்து, மீயொலிக் கருவியால் தகட்டின் தடிமனைப் புள்ளி புள்ளியாக அளப்பார். சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். குழிகளின் ஆழத்தைக் குறிப்பார். காப்பீட்டு நிறுவனங்கள் பலவற்றுக்கு 4 மில்லிமீட்டர் ஒரு எல்லைக்கோடு. அதற்குக் கீழே போனால் முழுக் காப்பீடு கிடைப்பது சிரமம். மூன்றாம் தரப்புக் காப்பீடாவது இல்லையேல், கால்வாயில் படகு வைத்திருப்பதற்கான உரிமமும் இல்லை.

ஆய்வு எதற்கு, பாதுகாப்புச் சான்றிதழ்தான் இருக்கிறதே என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. படகுப் பாதுகாப்புத் திட்டத்தின் சான்றிதழ் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெற வேண்டியது; உரிமத்துக்கு அது கட்டாயம். ஆனால் அது பார்ப்பது எரிவாயுக் குழாய், எரிபொருள் தொட்டி, மின்கம்பி, தீ, புகைப்போக்கு ஆகியவற்றை. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் 2019 ஏப்ரல் முதல் அதில் சேர்ந்தது. மூடிய கேபினுக்குள் கரி அடுப்பு எரியும் படகில் அது மிகத் தேவையான விதிதான். என்றாலும் தகட்டின் தடிமனைப் பற்றி அந்தச் சான்றிதழ் ஒரு வார்த்தை சொல்லாது. நாளை ஓட்டை விழப்போகும் படகும் இன்று அதில் தேறிவிடலாம். சான்றிதழைக் காட்டி ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்பவர் பொய் சொல்லவில்லை. அவர் பதில் சொல்வது வேறொரு கேள்விக்கு.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. தகடு மெலிந்தால் என்ன, அதன்மேல் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்துவிடலாமே? உண்மைதான், இது அன்றாடம் நடக்கும் வேலை. நன்றாகச் செய்தால் படகின் ஆயுள் நீளும். ஆனால் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 6 மில்லிமீட்டர் எஃகுத் தகடு சதுர மீட்டருக்கு 47 கிலோ. 57 அடிப் படகின் அடிப்பகுதி சுமார் 35 சதுர மீட்டர். அதை முழுதும் போர்த்தினால் ஒன்றரை டன்னுக்கு மேல் கூடும். உள்ளிருக்கும் பாரக்கல்லை அகற்றாவிட்டால் படகு நான்கைந்து சென்டிமீட்டர் அமிழும். காற்றுத்துளைகளும் கழிவுநீர்த் துவாரங்களும் அந்த அளவுக்கு நீர்மட்டத்தை நெருங்கும். பற்றவைக்கும் வெப்பம் உட்சுவரின் வெப்பக்காப்பு நுரையையும் பலகையையும் கருக்கிவிடாமல் இருக்க உள்ளே பல இடங்களைப் பிரிக்க வேண்டியும் வரும். எந்த அலங்காரத்துக்காக விலை கூட்டிக் கொடுத்தோமோ அதுவே முதலில் பிரிபடும். எனவே மேல்தகடு வைத்த படகை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் யார், எப்போது, ஏன் வைத்தார்கள், பாரம் குறைக்கப்பட்டதா என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லையென்றால், புதுத் தகட்டை நம்பி மட்டும் விலை கொடுக்கக் கூடாது.

1930-களின் சரக்குப் படகுகள் சில இன்னும் ஓடுகின்றன, வயதைப் பார்த்து ஏன் அஞ்ச வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. இந்தக் கேள்வி மேலே சொன்ன வாதத்துக்கு எதிரானதல்ல, அதற்குத் துணை. அவை நிலைத்திருப்பது வயதால் அல்ல, தலைமுறை தலைமுறையாக யாரோ தகடு மாற்றி, ஆணி மாற்றி, பூச்சுப் பூசி வந்ததால். மறுபக்கம், பத்தே ஆண்டுகளில் குழி விழுந்த படகும் உண்டு. அதற்குப் பெரும்பாலும் காரணம் கரை மின்சாரம்.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பராமரிப்பில் புலப்படாத பகுதி இதுதான். படகின் இருபுறமும் மக்னீசியக் கட்டிகள் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆனோடு என்று பெயர். எஃகைவிட எளிதில் கரையும் உலோகம் என்பதால் அவை தாம் கரைந்து தகட்டைக் காக்கும். நன்னீருக்கு மக்னீசியம், கடல்நீருக்குத் துத்தநாகம். கட்டுதுறையில் நிற்கும் படகு கரையிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது, அதன் நிலக்கம்பி வழியாக அதே கரையில் நிற்கும் எல்லாப் படகுகளும் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. நடுவே கால்வாய் நீர். ஆக, ஒரு பெரிய மின்கலமே உருவாகிவிடுகிறது. பக்கத்துப் படகில் ஆனோடு தீர்ந்துபோயிருந்தால் நம் படகின் ஆனோடு அதற்கும் சேர்த்துக் கரையும். நம்முடையதும் தீர்ந்தபின் தகட்டின் முறை. இந்த இணைப்பைத் தடுக்க கால்வானிக் ஐசொலேட்டர் என்ற சிறு கருவி போதும். தனிமைப்படுத்தும் மின்மாற்றி இன்னும் நல்லது. பழைய படகில் கரை மின்சார வசதி இருந்து இவ்விரண்டில் ஒன்றும் இல்லையென்றால், அது கட்டுதுறையில் எத்தனை ஆண்டு நின்றது என்று கேட்டே ஆக வேண்டும். ஓடாமல் நின்ற படகு தேயாத படகு என்ற எண்ணம் இங்கே செல்லாது.

மற்றப் பராமரிப்பு வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தார் பூச்சு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. மணல் வீச்சால் தகட்டை வெறும் உலோகமாக்கிவிட்டுப் பூசும் எப்பாக்சி அதைப்போல் இருமடங்குக்கு மேல் தாங்கும், ஆனால் பழைய தாரின்மேல் அது ஒட்டாது. டீசல் என்ஜினுக்குச் சுமார் 250 மணி ஓட்டத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும். பேட்டரி ஏற்றுவதற்காக மட்டும் மணிக்கணக்கில் என்ஜினை வெறுமனே ஓடவிடுவது அதற்கு நல்லதல்ல. ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறங்கவிட்டால் அதன் ஆயுள் குறையும். குளிர்காலத்தில் ஆளில்லாத படகின் தண்ணீர்க் குழாய்களை வடித்துவிடாவிட்டால் உறைபனி அவற்றை வெடிக்க வைக்கும். புரொப்பெல்லர் தண்டு படகுக்குள் நுழையும் இடத்தில் கிரீஸ் திருகியை நாள்தோறும் ஓட்டம் முடிந்ததும் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். புரொப்பெல்லரில் சிக்கும் துணியையும் கொடியையும் எடுக்க உள்ளிருந்தே திறக்கும் மூடி ஒன்று உண்டு. அதைச் சரியாக இறுக்காமல் என்ஜினை ஓட்டியதால் மூழ்கிய படகுகள் பல.

காகிதங்களில் ஏமாற இடம் அதிகம். பிரிட்டனில் படகுகளுக்குக் கட்டாய உரிமைப் பதிவேடு இல்லை. உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்பதும் உடைமைக்குச் சான்றாகாது. முந்தைய விற்பனைப் பத்திரங்களின் தொடர்ச்சியே சான்று. கட்டுதுறையும் படகோடு தானாகக் கைமாறுவதில்லை. சொந்தக் கட்டுதுறை இல்லாதவர், 1995-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் நீர்வழிச் சட்டப்படி ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்; 2024 முதல் அவர்களுக்கு உரிமக் கட்டணமும் கூடுதல். மலிவான வீடு என்று எண்ணிப் படகு வாங்குபவர் கணக்கில் இவ்விரண்டும் பெரும்பாலும் இருப்பதில்லை.

விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டியவற்றில் மிக மதிப்புள்ளது பழைய ஆய்வறிக்கை. ஒரே ஒரு அறிக்கை தடிமனை மட்டும் சொல்லும். இரண்டு இருந்தால் வேகம் தெரியும். 6 மில்லிமீட்டர்த் தகடு இருபது ஆண்டுகளில் 5.2 ஆகியிருக்கும் படகையும், நான்கு ஆண்டுக்கு முன் 5.8 இருந்து இன்று 5.2 ஆகிவிட்ட படகையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவோம். இன்றைய ஆய்வில் இரண்டும் ஒரே எண். முதலாவது இதே வேகத்தில் 4 மில்லிமீட்டரைத் தொட இன்னும் முப்பது ஆண்டாகும். இரண்டாவது எட்டே ஆண்டில் தொட்டுவிடும், ஆனோடும் கரை மின்சாரமும் யாராலாவது சீர்செய்யப்பட்டாலொழிய.