பிஜ் தொலைக்காட்சி: கூலிக் கணக்கு திரையேறிய காலம்

குஜராத்தின் கேடா மாவட்டத்தில், பிஜ் என்னும் சிற்றூரிலிருந்து 1975இல் ஒரு கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் இயங்கத் தொடங்கியது. அகமதாபாத்தில் உள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் நடத்திய கேடா தகவல்தொடர்புத் திட்டத்தின் அச்சாணி அதுவே. அதே ஆண்டில் ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள்வழிக் கல்வி ஒளிபரப்பு தொடங்கியது. அச்சோதனை ஓராண்டில் முடிந்தது. பிஜ் ஒளிபரப்போ பத்தாண்டுகள் நீடித்தது. ஆயினும் நம் ஊடக வரலாறுகள் முன்னதற்கு அத்தியாயமும் பின்னதற்கு அடிக்குறிப்பும் தருகின்றன.

தில்லியின் நிகழ்ச்சியை ஊருக்கு அனுப்புவதோடு நில்லாமல், ஒரு மாவட்டத்து மக்களுக்காக அவர்களின் பேச்சுவழக்கிலேயே இங்கு நிகழ்ச்சிகள் உருவாயின. கிராமத்தினரே நடித்தனர், எழுதவும் செய்தனர். ‘சதுர் மோட்டா’ என்னும் தொடர் வரதட்சணையையும் கைம்பெண் மறுமணத்தையும் பேசியது. தீண்டாமையும் குறைந்தபட்சக் கூலியும் வேறு நிகழ்ச்சிகளின் பொருளாயின. புகையிலை வயல்களும் பால் கூட்டுறவும் புகழ்பெற்ற கேடாவில் கூலி என்பது வெறும் பொருளாதாரச் சொல் அன்று. நிலமுள்ள சாதிக்கும் நிலமற்ற சாதிக்கும் இடையிலான உறவு அது. அதை அரசுத் தொலைக்காட்சி பேசியதே பெரிதென நாம் கருதுகிறோம். 1984இல் யுனெஸ்கோவின் ஊரகத் தகவல்தொடர்பு விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது.

நானூறுக்கும் மேற்பட்ட கிராமங்களில் அறுநூறுக்கும் மேற்பட்ட சமுதாயப் பெட்டிகள் வைக்கப்பட்டன. பள்ளி, பஞ்சாயத்துக் கட்டடம், பால் கூட்டுறவுச் சங்கம் போன்றவையே அவற்றுக்கான இடங்கள். பொது இடம் என்று கோப்பில் எழுதப்படுவது எல்லோர்க்கும் பொதுவானதா என்பதைத் தலித் வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. தீண்டாமை ஒழிப்பு நாடகத்தைக்கூட ஊரின் நடுவே சென்றுதான் பார்த்தாக வேண்டும். திட்டத்தைப் புகழ்ந்தெழுதுவோர் பெட்டிகளின் எண்ணிக்கையைத் தவறாமல் தருகின்றனர். அவற்றின் முன் யார் அமர்ந்தனர், யார் வாயிலில் நின்றனர் என்பதில் அவர்களுக்கு அத்தனை அக்கறை இல்லை.

1985இல் தூர்தர்ஷன் பிஜ் ஒளிபரப்பை நிறுத்த முடிவெடுத்தது. அகமதாபாத்தில் பெரிய நிலையம் வருகிறது, சிறியது எதற்கு என்பதே வாதம். ஊர்மக்கள் எதிர்த்தனர், பயனில்லை. பெரிய நிலையத்தின் கண்ணுக்குக் கேடாவின் கூலித் தகராறு தெரியுமா என்ற கேள்வி முடிவெடுத்தோரை உறுத்தவில்லை போலும். 1986 ஜனவரியில், அன்று கேடா மாவட்டத்திலிருந்த கோலானா கிராமத்தில் நிலத் தகராறில் நான்கு தலித்துகள் கொல்லப்பட்டனர்.

திட்டம் 1990இல் முறைப்படி மூடப்பட்டது. பிஜ் ஊரின் டிரான்ஸ்மிட்டர் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, தூர்தர்ஷனின் இரண்டாம் அலைவரிசைக்குப் பயன்பட்டது.