மெத்தால் உர்லான்: அட்டைக்காகவே தேடப்படும் பத்திரிகை பிறந்த கதை

பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஒரு காமிக்ஸ் கதைக்கு அந்தக் காலத்தில் இரண்டு பிறப்பு. முதலில் வாரப் பத்திரிகையில் தொடராக வரும், வாரத்துக்கு ஒன்றிரண்டு பக்கம். தொடர் முடிந்ததும் கெட்டி அட்டை போட்ட ஆல்பமாக வரும். டின்டினும் ஆஸ்டெரிக்ஸும் நம் கைக்கு வந்தது ஆல்பமாகத்தான். ஆல்பம் மறுபதிப்பாகிக்கொண்டே இருக்கும். கதை எங்கும் போய்விடாது. காணாமல் போவது பத்திரிகையின் அட்டை. அந்த ஒரு வாரத்துக்கென்று வரைந்து, அடுத்த வாரமே பழசாகி, பெரும்பாலும் வேறெங்கும் அச்சேறாமல் நின்றுபோன படம் அது. அங்கே பழைய காமிக்ஸ் பத்திரிகைகளைத் தேடி அலைகிற பலர் கதைக்காக அலைவதில்லை. கதைதான் வீட்டு அலமாரியில் ஆல்பமாக இருக்கிறதே! அவர்களுக்கு வேண்டியது அட்டை.

1938-இல் தொடங்கிய 'ஸ்பிரு', 1946 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸில் தொடங்கிய 'டின்டின்' இரண்டுக்கும் அப்படிப்பட்ட ரசிகர்கள் உண்டு. டின்டினைப் படைத்த ஹெர்ஜே கைப்பட வரைந்த டின்டின் அட்டைகள் என்றால் சொல்லவே வேண்டாம். ஆனால் அந்த அட்டைகளுக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. உள்ளே ஓடும் தொடருக்கு வாசலில் நின்று ஆள் கூப்பிட வேண்டும். அந்த வேலையை உதறிவிட்டு, அட்டை ஓவியம் ஓவியமாக மட்டுமே நின்ற பத்திரிகை எது என்று கேட்டால் பலர் வாயில் முதலில் வரும் பெயர் 'மெத்தால் உர்லான்'. அலறும் உலோகம் என்று பொருள். 1975 ஜனவரியில் பாரிஸில் முதல் இதழ் வந்தது.

அதன் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் 'பிலோத்' என்ற வாரப் பத்திரிகையிலிருந்து தொடங்க வேண்டும். 1959 அக்டோபர் 29 அன்று வந்த பிலோத்தின் முதல் இதழில்தான் ஆஸ்டெரிக்ஸ் பிறந்தார். கோசினி, உதெர்சோ, ஷார்லியே மூவரும் அதன் தூண்கள். பையன்களுக்கான பத்திரிகையாகத் தொடங்கி, வாசகர்களோடு சேர்ந்து தானும் வளர்ந்தது. வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சண்டை வராமல் இருக்குமா? 1968 மே மாதக் கிளர்ச்சியில் பாரிஸே கொந்தளித்தபோது, பிலோத்தின் இளம் ஓவியர்கள் சிலர் ஆசிரியர் கோசினியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முதலாளிகளின் ஆள் என்ற ரீதியில் விசாரித்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அது அநியாயம். அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பக்கம் கொடுத்து ஆளாக்கியவரே அவர்தான். அந்தக் காயம் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை.

ஆனால் பிள்ளைகளின் குறையும் பொய்யில்லை. ஆல்பத்தின் அளவு, கட்டங்களின் ஒழுங்கு, குடும்பத்தோடு படிக்கலாம் என்ற எல்லை எல்லாம் அவர்களுக்கு இறுக்கமாகிவிட்டன. 1972-இல் மான்றிகா, கோத்லிப், கிளேர் ப்ரெதேஷே மூவரும் சேர்ந்து 'லெக்கோ தே சவான்' என்று சொந்தமாக ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். ஓவியர்களே பத்திரிகை நடத்தலாம் என்பது அதோடு நிரூபணமாகிவிட்டது. அடுத்த வரிசையில் நின்றவர் ழான் ஜிரோ.

ஜிரோவை லயன்-முத்து காமிக்ஸ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஷார்லியே எழுத, 1963 முதல் பிலோத்தில் அவர் வரைந்த லெப்டினன்ட் புளூபெரிதான் நம் கேப்டன் டைகர். 'மின்னும் மரணம்' தொகுப்பைப் புரட்டியவர்களுக்கு அந்தக் கை தெரியும்: சட்டை மடிப்பில் படிந்த புழுதி, பாறை நிழலின் கருமை எல்லாவற்றையும் தூரிகையால் அழுத்தி நிறுத்தும் கை. அதே ஆள் 'மோபியஸ்' என்று கையெழுத்துப் போட்டால் கை மாறிவிடும். தூரிகையை வைத்துவிட்டுப் பேனாவை எடுப்பார். மயிரிழைக் கோடுகளும் புள்ளிகளுமாகப் பக்கம் நிரம்பும். இந்தப் பெயரை 1963-இலேயே 'ஹராகிரி' என்ற நையாண்டிப் பத்திரிகையில் பயன்படுத்திவிட்டு, பிறகு நெடுநாள் ஒதுக்கி வைத்திருந்தார். வெஸ்டர்ன் கதைக்கு ஜிரோ; மனம் போன போக்குக்கு மோபியஸ்.

அவரோடு சேர்ந்தவர் பிலிப் த்ருயே. 'லோன் ஸ்லோன்' என்ற விண்வெளி நாடோடியைப் பிலோத்தில் வரைந்தவர். கட்டம் கட்டமாக வரைவது த்ருயேக்கு ஒத்துவராது. பக்கம் முழுக்க, சில சமயம் எதிரெதிர் பக்கம் இரண்டையும் சேர்த்து, கோயில் கோபுரம் மாதிரி அடுக்கிக்கொண்டே போவார். மூன்றாமவர் ழான்-பியர் தியோனே: எழுத்தாளர், ஓயாத வாசகர், இவர்களையெல்லாம் ஒரு மேஜைக்குக் கொண்டுவரத் தெரிந்தவர். கணக்கு வழக்குக்கு பெர்னார் ஃபார்காஸ். நால்வரும் 1974 டிசம்பரில் 'லேஸ் யுமனோயித் அசோசியே' என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். அடுத்த மாதமே மெத்தால் உர்லான். தொடக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஓர் இதழ். 68 பக்கம், அதில் 16 மட்டும் வண்ணம். முதல் அட்டையை வரைந்தவர் மோபியஸ். பத்திரிகைப் பெயரின் எழுத்தை வடிவமைத்தவர் எத்தியேன் ரோபியல். பின்னாளில் கனால் ப்ளூஸ் தொலைக்காட்சியின் தோற்றத்தையே தீர்மானித்தவர்.

அந்தப் பதினாறு வண்ணப் பக்கங்களுக்குள் 'அர்ஸாக்' இருந்தது. அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

பிரெஞ்சு, பெல்ஜிய காமிக்ஸில் அப்போது வண்ணம் போடும் முறை வேறு. ஓவியர் கறுப்பு மையில் வரைந்து கொடுத்துவிடுவார். அந்தப் பக்கத்தை வெளிறிய நீலத்தில் தனியாக ஒரு பிரதி எடுத்து, வண்ணக்காரர் அதன்மேல் வண்ணம் தீட்டுவார். கறுப்புக் கோடு தனிப் படலமாக மேலே வந்து உட்காரும். அசல் தாளில் வண்ணமே இருக்காது. டின்டின் பக்கங்களில் வண்ணம் கோட்டுக்குள் ஒழுங்காக, தட்டையாக நிற்பதற்கு ஹெர்ஜேயின் ரசனையோடு இந்த முறையும் காரணம். அர்ஸாக்கில் மோபியஸ் அசல் தாளிலேயே வண்ணம் தீட்டினார். கோடும் வண்ணமும் ஒரே கையிலிருந்து, ஒரே தாளில். அதுவரை அட்டைக்கு மட்டும் எடுத்துக்கொண்ட சிரத்தை உள்பக்கம் ஒவ்வொன்றுக்கும் வந்துவிட்டது.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. உயரமான கூம்புத் தொப்பி வைத்த ஒருவன், இறகில்லாத ராட்சதப் பறவைமேல் ஏறி வெறிச்சோடிய நிலத்தின்மேல் பறக்கிறான். வசன பலூன் கிடையாது. விளக்கக் கட்டம் கிடையாது. நான்கு முறை வந்த அந்தக் கதைக்குத் தலைப்பின் எழுத்துக்கூட்டலைக்கூட மோபியஸ் ஒவ்வொரு தடவையும் மாற்றி வைத்தார். விஷமம்தான்! பிரெஞ்சு தெரியாதவர்கள் முதலில் அர்ஸாக் வந்த இதழ்களைக் கேட்பதற்குக் காரணமும் இதுதான்: படிக்க அந்தக் கதையில் ஒரு வார்த்தை கிடையாது.

உள்பக்கமே இப்படி ஆனபிறகு அட்டை சும்மா இருக்குமா? ழான்-மிஷேல் நிக்கொலே, வோஸ் போன்றவர்கள் இதற்காக வரைந்த அட்டைகளைப் பார்த்தால், உள்ளே என்ன கதை என்று ஊகிக்கவே முடியாது. தேவையும் இல்லை.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். அட்டைகளில் ஆடை குறைந்த பெண்கள் அதிகம். விடலைப் பையன் ரசனை என்று சொன்னால் மறுக்க முடியாது. அதே பதிப்பகம் 1976-இல் பெண்களே நடத்தி, பெரும்பாலும் பெண்களே வரைந்த 'ஆ! நனா' என்ற பத்திரிகையையும் கொண்டுவந்தது. ஒன்பது இதழ்தான் வந்தது. சிறுவர் பத்திரிகைகளைக் கட்டுப்படுத்த 1949-இல் வந்த சட்டத்தின்கீழ் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது என்று தடை வந்தது. 1978-இல் பத்திரிகை மூடப்பட்டது. பையன்கள் பத்திரிகை தப்பித்தது, பெண்கள் பத்திரிகை மாட்டிக்கொண்டது. இந்தக் கணக்கு எனக்கு இன்றும் பிடிபடவில்லை. அட்டை சேகரிப்பவர்கள் அந்த ஒன்பதையும் விடக் கூடாது.

மெத்தால் உர்லானின் பெயர் கடல் தாண்ட நாளாகவில்லை. 1977 ஏப்ரலில் அமெரிக்காவில் 'ஹெவி மெட்டல்' என்ற பெயரில் அதன் பதிப்பு வந்தது. முதல் அட்டை நிக்கொலேயுடையதே. 1976-இல் டான் ஓபானன் எழுதி மோபியஸ் வரைந்த 'தி லாங் டுமாரோ' என்ற துப்பறியும் கதையின் அடுக்கடுக்கான நகரம், பிறகு ரிட்லி ஸ்காட்டின் 'பிளேட் ரன்னர்' படத்துக்கு முன்மாதிரியானது. ஜப்பானில் அனிமேஷன் இயக்குநர் மியாசாகி, தன் 'நௌஷிகா'வில் அர்ஸாக்கின் தாக்கம் உண்டு என்று வெளிப்படையாகவே சொன்னார். இத்தனையும் செய்துவிட்டு, தாய்ப் பத்திரிகை 1987 ஜூலையில் 133-ஆவது இதழோடு நின்றது. பிறகு இரண்டு முறை உயிர்ப்பித்துப் பார்த்தார்கள். தேடுகிறவர்கள் தேடுவது அந்த 133-ஐத்தான்.

வாங்க நினைப்பவர்களுக்கு: விற்காமல் திரும்பி வந்த இதழ்களைச் சேர்த்துத் தைத்துக் கெட்டி அட்டை போட்டுப் பதிப்பகமே விற்ற தொகுப்புகள் உண்டு. உள்ளே ஒவ்வோர் இதழின் அட்டையும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். தனி இதழைவிட மலிவு. ஆனால் தைக்கும்போது ஓரத்தைச் சீவியிருப்பார்கள். அட்டை ஓவியத்தில் ஒரு நூலளவு போயிருக்கும். சட்டம் போட்டு மாட்ட நினைப்பவர்கள் தனி இதழையே தேடுங்கள். வெயில் பட்ட அட்டையில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும் என்பதால், முன் அட்டையைப் பின் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

கேப்டன் டைகர் ரசிகர்களுக்குத் தனியாக ஒன்று. சில ஆண்டுகள் நின்றுபோயிருந்த புளூபெரி 1979-இல் திரும்பி வந்தபோது, 'நே காஸே' என்ற அந்தக் கதை முதலில் தொடராக வந்தது பிலோத்தில் இல்லை, மெத்தால் உர்லானில். சீன் நதிக்கரைப் பழைய புத்தகக் கடைப் பக்கம் யாராவது போனால் 1979-ஆம் ஆண்டு இதழ்களைக் கேட்டுப் பாருங்கள்.