ஆடித் தள்ளுபடியில் ஒரு நல்ல சேலை

ஆடி பிறந்ததும் நம் வாரப் பத்திரிகைகளில் ஒரு வகைத் துணுக்கு தவறாமல் வந்துவிடும். துணிக்கடை வாசலில் கணவன் பர்ஸைப் பிடித்தபடி வாடிப்போய் உட்கார்ந்திருப்பான். உள்ளே மனைவி நூறு சேலையைப் பிரித்துப் போட்டுவிட்டு, "ஒண்ணும் மனசுக்குப் பிடிக்கல" என்று எழுந்திருப்பாள். எத்தனையோ தலைமுறையாக இதே படம், இதே சிரிப்பு. அவள் ஏன் நூறு சேலையைப் பிரிக்கிறாள் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

பணம் இருப்பவள் பிரிக்க வேண்டியதில்லை. விலை அதிகமான கடையில் எதை எடுத்தாலும் ஓரளவு நன்றாகவே இருக்கும். கையில் அளந்த பணத்தோடு போகிறவள்தான் தேட வேண்டும். சேலை மலிவாகவும் இருக்க வேண்டும், உடுத்தினால் மலிவு என்று தெரியவும் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனைக்கு நீண்ட வரலாறு உண்டு. அது கடைத்தெருவுக்கு வெளியே தொடங்குகிறது.

1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. நமது கணக்கில் அது ஆடி மாதம், தற்செயல்தான். தெற்குத் திருவிதாங்கூரில், அதாவது இன்றைய குமரி மாவட்டப் பகுதிகளில், நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக 1820களிலிருந்து நடத்திய தோள்சீலைப் போராட்டத்தின் முடிவாக அந்த அறிவிப்பைப் பாடநூல்கள் சொல்கின்றன. வாசகத்தைக் கவனித்தால் வேறொன்றும் தெரியும். நாடார் பெண்கள் கிறிஸ்தவப் பெண்களைப் போல ரவிக்கை அணியலாம். மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். வேறு எந்த விதமாகவும் மார்பை மறைத்துக்கொள்ளலாம். ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் மட்டும் உடுத்தக் கூடாது. துணிக்கு அனுமதி கிடைத்தது, பாணிக்குக் கிடைக்கவில்லை. மானத்தை மறைத்துக்கொள், அழகாக இருந்துவிடாதே என்பதுதான் சமரசம்.

எழுபது ஆண்டு கழித்தும் நிலைமை பெரிதாக மாறியிருக்கவில்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆங்கிலேய அதிகாரி ஜே.எச். ஹட்டன் அந்தப் பட்டியலைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி அணியக் கூடாது. ஆண்கள் சட்டையோ பனியனோ போடக் கூடாது, குடையும் செருப்பும் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ அணியக் கூடாது; பூவும் மஞ்சளும்கூடக் கூடாது. பூ வைப்பதற்கு என்ன செலவாகிவிடும்? வேலியோரம் பூத்ததைப் பறித்து வைத்தாலும் குற்றம் என்றால், அங்கே பிரச்சினை காசு அல்ல. அடுத்த ஆண்டு தடைகள் எட்டிலிருந்து பதினொன்றாயின.

'ஸ்டைல்' என்ற சொல்லை அற்பம் என்று ஒதுக்க என்னால் முடியாமல் போனதற்கு இந்தப் பட்டியலும் ஒரு காரணம்.

நம் தலைவர்கள் இந்த இடத்தில் நமக்கு முழுத் துணையாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. 1921 செப்டம்பரில் காந்தி மதுரைக்கு ரயிலில் வந்தபோது, உடன் பயணம் செய்தவர்களிடம் கதர் உடுத்தச் சொன்னார். கதர் விலை அதிகம், எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று அவர்கள் தலையை ஆட்டினார்கள். 22ஆம் தேதி மதுரையில் அவர் மேலாடையைக் களைந்து முழங்கால் அளவு வேட்டிக்கு மாறினார். விலைப் பிரச்சினைக்கு அவர் கண்ட வழி துணியைக் குறைப்பது. அந்த வழி ஒரு பெண்ணுக்குத் திறந்திருக்கவில்லை என்பதை மதுரையின் பெருமை பேசும் கட்டுரைகள் குறிப்பிடுவதில்லை.

பெரியார் வேறு திசையிலிருந்து வந்தார். நகையும் பட்டும் பெண்ணை அலங்காரப் பொம்மையாக்குகின்றன. முடியை வெட்டிக்கொள்ளுங்கள், ஆண்களைப் போல எளிய உடை உடுத்துங்கள் என்றார். உடுத்தி அவிழ்க்கவும் துவைக்கவும் காயவைக்கவும் பெண்களின் நேரம் எவ்வளவு போகிறது என்று கணக்குப் பார்த்த தலைவர்கள் அவர் காலத்தில் வேறு யார்? அவர் சொன்னதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனாலும் பூ வைக்கக் கூடாது என்று ஊர் தடுத்த ஒருத்தியிடம் போய், பூவே வேண்டாம் என்று சொல்வது அதே பொருள் தருமா என்ற கேள்வி எனக்கு இருக்கிறது.

இனி கடைக்குள் போகலாம்.

தள்ளுபடி விற்பனை நவீன காலத்துச் சரக்கு. அதற்கு முதலில் நிலையான விலை வேண்டும். பேரம் பேசி வாங்கும் சந்தையில் எல்லாமே தள்ளுபடிதான், எதுவுமே தள்ளுபடி இல்லைதான். 1852இல் பாரிஸில் அரிஸ்தீத் பூசிக்கோ 'போன் மார்ஷே' என்ற கடையின் பொறுப்புக்கு வந்தார். விலைச்சீட்டு ஒட்டிய சரக்கு, யாரும் உள்ளே வந்து பார்த்துவிட்டு வாங்காமல் திரும்பலாம், பிடிக்காததைத் திருப்பித் தரலாம் என்ற வழக்கங்களை அவர் பரவலாக்கினார். பண்டிகை முடிந்து வியாபாரம் படுத்துவிடும் ஜனவரியில் படுக்கை விரிப்பு, மேசைத் துணி போன்ற வெள்ளைத் துணிகளை மலிவு விலையில் குவித்து விற்கும் 'வெள்ளை விற்பனை'யும் அவர் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. துணைக்கு ஆண் இல்லாமல் ஒரு பெண் மணிக்கணக்கில் சுற்றித் திரியக்கூடிய பொது இடமாக அப்படிப்பட்ட கடைகள் ஆயின. எமிலி ஸோலா 1883இல் அத்தகைய ஒரு கடையை மையமாக வைத்து நாவலே எழுதினார். மணமாகாத விற்பனைப் பெண்களுக்குக் கடையின் மேல்மாடியிலேயே தங்குமிடம் கொடுத்துக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார்கள் என்பது அந்தக் கதையின் மற்றொரு பக்கம். தி.நகரைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

பாரிஸில் ஜனவரி எப்படியோ, நமக்கு ஆடி அப்படி. கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது. 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்று கையிலிருக்கும் காசு விதைக்குப் போய்விடும். பட்டுக்கடைகள் ஈ ஓட்டும். அதே சமயம் தீபாவளிச் சரக்கு வந்து இறங்க இடம் வேண்டும், பழைய சரக்கில் முடங்கிய பணமும் திரும்ப வேண்டும். ஆகாத மாதத்தை ஆகும் மாதமாக்க வியாபாரிகளுக்கு ஒரு பிடி கிடைத்தது. புதுமணப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து ஆடிச் சீர் வைக்கும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. சீர் என்றால் மகளுக்குச் சேலை, மாப்பிள்ளைக்கு வேட்டி. பெண்ணைப் பெற்றவர்களின் கடமைச் செலவுதான் இந்த விற்பனைக்கு முதல் அடித்தளம் என்பதை 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' பலகைகளுக்கு நடுவே மறந்துவிடுகிறோம்.

1920களில் உருவான தி.நகரில் நல்லி 1928இல் கடை வைத்தது. பிற்பாடு திருநெல்வேலியிலிருந்து ஆர்.எம்.கே.வி., ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போத்தீஸ் என்று பிற ஊர்களின் பெரிய கடைகளும் வந்து சேர்ந்தன. மாம்பலம் ரயில் நிலையத்தின் வாசல் ரங்கநாதன் தெருவில் விடுகிறது. செங்கல்பட்டிலிருந்தோ தாம்பரத்திலிருந்தோ ஒரு ரயில் டிக்கெட்டில் கடைக்குள்ளேயே இறங்கிவிடலாம். ஆடிக் கூட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெண்களின் பேராசையைப் பார்க்கும் அளவுக்கு இந்தப் புறநகர் ரயிலைப் பார்ப்பதில்லை.

இதற்கெல்லாம் வேறு மாதிரி ஒன்று கோ-ஆப்டெக்ஸ். 1935இல் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் தலைமை அமைப்பாகத் தொடங்கியது. அங்கே தள்ளுபடிக்குப் பெயர் 'ரிபேட்'. தீபாவளிக்கு 30 சதவீத ரிபேட் என்றால் ஆசிரியைகளும் செவிலியர்களும் தாலுகா அலுவலகப் பெண்களும் அந்தக் கடையில்தான் இருப்பார்கள். அரசு ஊழியர்களுக்குக் கடனில் வாங்கிக்கொண்டு தவணையில் கட்டும் வசதியும் உண்டு. கணவனிடம் கேட்காமல் தன் சம்பளத்தில் தானே எடுத்த முதல் சேலை கோ-ஆப்டெக்ஸ் சேலை என்று சொல்லும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என் அம்மாவும் அவர்களில் ஒருத்தி. ரிபேட்டுக்கும் ஆடித் தள்ளுபடிக்கும் உள்ள வித்தியாசம் சதவீதத்தில் இல்லை. ரிபேட்டில் குறைக்கும் தொகையை அரசு ஏற்க வேண்டும், நெசவாளியின் கூலியில் கைவைக்கக் கூடாது. நடைமுறையில் அரசுப் பணம் வரத் தாமதமாகிச் சங்கங்கள் திண்டாடியது உண்டு. தறியில் உட்காராமல் தார் சுற்றிக் கொடுக்கும் பெண்ணுக்குப் பெரும்பாலும் தனிக் கூலி இல்லை என்ற பழைய அநியாயத்தையும் ரிபேட் தொடவில்லை. இருந்தும் 'இந்தக் குறைவை யார் தலையில் கட்டுவது' என்ற கேள்விக்கு வெளிப்படையான பதில் வைத்திருந்த ஒரே தள்ளுபடி அதுதான்.

கைத்தறிக்கும் எட்டாதவர்களுக்கு வேறு வழிகள் வந்தன. திண்டுக்கல் பக்கத்துச் சின்னாளப்பட்டி, செயற்கைப் பட்டுச் சேலையால் பெயர் வாங்கியது. பட்டின் பளபளப்பு உண்டு, பட்டின் விலை இல்லை. பிறகு நைலக்ஸ், அதன் பிறகு சூரத்திலிருந்து பாலியெஸ்டர். பாலியெஸ்டரைப் பழிக்கும் ரசனைக் கட்டுரைகள் ஏராளம். வியர்க்கும், நெருப்பு பட்டால் உடலோடு ஒட்டும் என்பதெல்லாம் உண்மை. கஞ்சி போட வேண்டாம், இஸ்திரி வேண்டாம், இரவு அலசிப் போட்டால் காலையில் கட்டிக்கொண்டு பஸ் பிடிக்கலாம் என்பதும் உண்மை. வேலைக்குப் போன முதல் தலைமுறைப் பெண்களின் வீட்டில் துவைத்தது யார் என்று தெரிந்தவர்கள் பாலியெஸ்டரை அவ்வளவு சுலபமாகக் கேலி செய்ய மாட்டார்கள்.

தள்ளுபடிக் குவியலில் என்னவெல்லாம் கிடக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். போன வருடத்து டிசைன், ஒற்றை நிறம் மட்டும் மிஞ்சியது, கடை வெளிச்சத்தில் மடிப்பு வெளுத்தது, நெசவுப் பிசகு உள்ளது, இவற்றோடு தள்ளுபடிக்கென்றே மட்டமான நூலில் நெய்து வந்ததும் இருக்கும். கடைசி வகையைப் பிரித்தறிவதுதான் கலை. பெண்கள் கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே துணியை வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள்; அதில் கஞ்சியின் கனம் வேறு, நூலின் கனம் வேறு என்று தெரிந்துவிடும். முந்தானையை மட்டும் பார்த்து ஏமாறாமல் உடல் முழுவதையும் விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார்கள். கரையும் உடலும் சேரும் இடத்தில் இழுப்பு இருந்தால் இரண்டு துவையலில் கரை சுருங்கிவிடும். ஈர விரலால் ஓரத்தைத் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பது உண்டு. பிசகு கொசுவத்துக்குள் போகும் இடத்தில் இருந்தால் எடுக்கலாம், தோளில் வந்தால் எடுக்கக் கூடாது. ரவிக்கைத் துணி சேர்ந்தே வருகிறதா, இல்லை தனியாக வாங்கி, ஃபால்ஸ் தைத்துக் கணக்கு எகிறுமா? நூறு சேலையைப் பிரிக்கிறவள் செய்துகொண்டிருப்பது இந்தப் பரிசோதனையைத்தான். இதையே ஓர் ஆண் கொள்முதல் அதிகாரியாக உட்கார்ந்து செய்தால் அதற்குப் பெயர் தர நிர்ணயம்.

இந்தத் தலைமுறை சேலையிலிருந்து குர்தாவுக்கும் டாப்ஸுக்கும் நகர்ந்திருக்கிறது. திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சியதும் கழிக்கப்பட்டதும் மூட்டை மூட்டையாக வந்து சேர்கின்றன. ஐரோப்பியக் கடையின் சீட்டை வெட்டிய டாப்ஸை நம் கல்லூரி மாணவி மிகக் குறைந்த விலைக்கு எடுத்துவிடுகிறாள். அவள் சாமர்த்தியம் எனக்குப் பிடிக்கும். ஆனால் இங்கே ரிபேட் கேள்வி திரும்பி வருகிறது. அந்த நூலை நூற்ற ஆலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்களை மூன்று ஆண்டு விடுதியில் வைத்து வேலை வாங்கி, கல்யாணச் செலவுக்கு என்று மொத்தத் தொகையைக் கடைசியில் தருவதாகச் சொன்னார்கள். நடுவில் உடம்புக்கு முடியாமல் வெளியேறியவர்கள் அந்தத் தொகையை இழந்தார்கள். வரதட்சணையைக் காட்டி ஆள் சேர்த்த மில்லில் நூற்ற நூல், ஆடிச் சீராகவும் எங்கோ ஒரு வீட்டுக்குப் போயிருக்கும்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஏற்றுமதி ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். அவர் தந்த பாலியல் தொல்லையைப் பற்றிக் குடும்பத்தாரும் சக தொழிலாளிகளும் பேசினார்கள். பெண்கள் தலைமையிலான டி.டி.சி.யு. தொழிற்சங்கம் விடாமல் போராடியதன் விளைவாக 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. ஆலை நிர்வாகத்தோடு, அங்கிருந்து துணி வாங்கிய எச் அண்ட் எம் நிறுவனமும் கட்டுப்படும் ஒப்பந்தம் அது. மலிவான டாப்ஸின் விலைச்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பெண்கள், விற்பவரையும் பொறுப்பேற்க வைத்த அரிய தருணம்.

கடைத்தளத்துப் பெண்களின் போராட்டம் கோழிக்கோட்டில் தொடங்கியது. அங்கே துணிக்கடைப் பெண்கள் 'பெண்கூட்டு' என்ற அமைப்பாகத் திரண்டு கேட்டது, வேலை நேரத்தில் உட்கார ஒரு இருக்கை, சிறுநீர் கழிக்கக் கழிப்பறை. 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி வேண்டும் என்று எழுதியது. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் வந்து பதினொரு ஆண்டு ஆகியிருந்தது. நாள் முழுக்க நின்றே வேலை செய்து கால் நரம்பு புடைத்துப்போன எத்தனை பெண்களின் கையால் நாம் சேலை வாங்கியிருக்கிறோம் என்ற கணக்கு யாரிடமும் கிடையாது.

போன ஆடியில் ஒரு பெரிய கடையில் மூன்றாம் மாடிக்குப் போனேன். காட்டன் சேலைப் பிரிவில் இருந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். நான் நாற்பது சேலையாவது பிரித்திருப்பேன். கடைசியில் மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட ஒன்றை அடியிலிருந்து உருவிக் கொடுத்து, "இதப் பாருங்கக்கா, போன வருஷத்துச் சரக்கு, நூல் நல்லாருக்கும்" என்றாள். அவள் சொன்னது சரி. கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருந்தது. உட்காருவீங்களாம்மா என்று கேட்டேன். அதன்மேல் மடிக்காத சேலைகள் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்ததைக் காட்டிச் சிரித்தாள். அதில் பாதி நான் பிரித்துப் போட்டது. கொஞ்ச நேரம் நின்று அவளோடு சேர்ந்து மடித்தேன். கண்காணிப்பாளர் வந்து, "விட்டுடுங்க மேடம், அவங்க பாத்துப்பாங்க" என்றார்.