சேதுக் கரை முஸ்லிம்களின் முகமனும் முறைமையும்

இராமேசுவரத் தீவில், பாம்பனிலிருந்து இராமேசுவரம் செல்லும் பெருவழியில், அக்காள்மடம், தங்கச்சிமடம் என இரண்டு ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. சேதுபதி மரபில் உடன்பிறந்த மகளிர் இருவரை ஒட்டி இப்பெயர்கள் எழுந்தன என்பது செவிவழிச் செய்தி. அக்கதை எவ்வாறாயினும் ஆகுக. மடம் என்னும் சொல் தெளிவாகவே நிற்கிறது. சேது நீராட வந்த வழிச்செல்வோர் தங்கி இளைப்பாறிய இடத்தை அது குறிக்கும். வருவாரை ஏற்றலையே பெயராகக் கொண்ட அவ்வூரில், ஒரு முஸ்லிம் இல்லத்தின் வாயிலில், சில ஆண்டுகட்கு முன்னர் யாம் ஒரு பிழை செய்தோம்.

கதவு திறந்திருந்தது. யாம் வாயிலுக்கு நேரே நின்று, உள்ளே பார்த்தவாறு, வீட்டுக்குரியவரைக் குரல் கொடுத்து அழைத்தோம். உடன் வந்த மீனவ முதியவர் ஒன்றும் கூறாது எம் கையைப் பற்றி நிலைக்கு ஒருபுறமாக நிறுத்தினார். தாம் சலாம் உரைத்தார். சற்று இடைவிட்டு மீண்டும் உரைத்தார். மறுமொழி வந்த பின்னரே எம்மை உள்ளே அழைத்துச் சென்றார். காரணம் வினவியபோது, “மூணு தடவை சொல்லணும். அதுக்கும் பதில் வரலேன்னா கோவிச்சுக்காமத் திரும்பிடணும், வாத்தியாரையா” என்றார்.

அவர் எந்நூலையும் சுட்டினாரல்லர். ஆயினும் அவர் கூறியதும் செய்ததும் நூல்வழிப்பட்டனவே. பிறர் மனைக்குள் இசைவு பெறாதும் முகமன் கூறாதும் புகலாகாது என்பது திருக்குர்ஆனின் 24-ஆம் அத்தியாயம் விதிக்கும் ஒழுங்கு. மும்முறை இசைவு வேண்டுதலும், பார்வை உட்செல்லாவண்ணம் வாயிலுக்கு ஒருபுறம் ஒதுங்கி நிற்றலும் நபிமொழித் தொகுதிகளிற் காணப்படுவன. பாலைநில நகரொன்றில் ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகட்கு முன் வகுக்கப்பட்ட வாயில் முறைமை, பனையோலை வேய்ந்த கடற்கரை வீட்டில் நூலறியா ஒருவர் நடையில் வழுவாது நிற்பது எங்ஙனம்? இவ்வினாவே எம்மை இவ்வாராய்ச்சியில் புகுத்தியது.

நன்னடையைக் குறிக்கும் அரபுச் சொல் ‘அதபு’ என்பது. இருத்தல், உண்ணல், உரையாடல், நோயாளரைக் காணல், துக்கம் கேட்டல் ஆகிய அனைத்திலும் பேணத்தக்க ஒழுங்கு அதன் பொருள். பிற்காலத்தே அச்சொல்லே இலக்கியத்துக்கும் பெயராயிற்று. அரபு அகராதியாசிரியர் சிலர் அதனை விருந்துக்கு அழைத்தலைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புபடுத்துவர். விருந்து, நன்னடை, இலக்கியம் என்னும் மூன்றையும் அணுக்கமாகக் காணும் இக்கருத்து, விருந்தோம்பலையும் இனியவை கூறலையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்த வள்ளுவரைப் பயின்ற நமக்குப் புதுமையாகத் தோன்றாது. இமாம் கசாலி (1058–1111) தம் பெருநூலில் உண்ணும் முறைமைக்கெனத் தனிப் பகுதியே வகுத்தார். சேதுக் கரையில் இத்தகைய விதிகள் பரவுதற்குக் கருவியாக நின்றது அரபுத் தமிழ், அஃதாவது அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழ். கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவ்வெழுத்தில் இயற்றிய ‘மகானி’ சமயச் சட்டங்களைத் தமிழில் விளக்கியது. திருக்குர்ஆன் ஓதுதற்பொருட்டு அரபு நெடுங்கணக்கைக் கற்றுத் தமிழெழுத்து அறியாதிருந்த பெண்டிர்க்கும் இத்தகைய நூல்கள் வாசித்தற்கு எளியவாயின. தாய் வாய்ச்சொல்லாக விதி மகவுக்குச் சென்றது, நூற்பெயர் மறைந்தது, நடை எஞ்சியது. எம்மைக் கைப்பற்றி நிறுத்திய முதியவர் இவ்வழியில் வந்தவர் என்றே கருதுகிறோம்.

நிற்க. விதி அரபு நாட்டினதாயினும் அதனை வழங்கிய சொற்களை நோக்குவார்க்கு வேறொரு செய்தி புலனாகும். இறைவன் முன்னிலையில் கூறும் தொடர்கள் அரபாகவே நின்றன. உண்ணத் தொடங்குங்கால் பிஸ்மி, நாளை செய்வதாகக் கூறுங்கால் இன்ஷா அல்லாஹ், எதிர்ப்பட்டால் சலாம். மாந்தர் செய்யும் செயல்களோ தமிழ்ப் பெயர் பெற்றன. தொழுகை, நோன்பு, ஓதல், பெருநாள், பள்ளிவாசல் என்பவற்றை எண்ணிப் பார்க்க. பள்ளி என்பது சமணரும் பௌத்தரும் தம் உறைவிடத்துக்கு வழங்கிய சொல். காலையுணவு கொள்ளுதலைப் பசியாறுதல் என்பர். ‘பசியாறியாயிற்றா’ என்னும் வினாவே ஒரு முகமன்தான். ‘போகிறேன்’ என்னாது ‘வருகிறேன்’ என்று விடைபெறும் தமிழ் வழக்கும் அவர்பால் உண்டு. அதனோடு இன்ஷா அல்லாஹ் என்பதைச் சேர்க்கும்போது, தமிழன் கொடுத்த வாக்குறுதிக்கு இறைவன் நாட்டம் என்னும் வரம்பு இடப்படுகிறது. ஒரே தொடரில் இருவேறு நாகரிகங்கள் கைகோத்து நிற்கும் இடம் இது.

ஓரிடத்தில் மட்டும் இரண்டும் முரணின. வணக்கம் என்பது முஸ்லிம்கள் வழக்கில் இறைவனுக்கே உரிய வழிபாட்டைக் குறிக்கும். 20-ஆம் நூற்றாண்டில் அச்சொல் தமிழர்தம் பொது முகமனாகப் பரவியபோது, அதனை மனிதர்க்குக் கூறத் தயங்கிய முஸ்லிம்கள் பலர். அத்தயக்கத்தைப் பண்பின்மை எனக் கொண்டாரும் உளர். சொற்பொருள் வரலாறு அறியார் கூற்று அஃது. முகவைச் சிற்றூர்களில் இச்சிக்கல் அறிஞர் எவரையும் எதிர்பாராது தீர்க்கப்பட்டது. அங்கு மறவரும் முஸ்லிம்களும் எதிர்ப்படுங்கால் மாமா என்றும் மச்சான் என்றும் முறை கூறி அழைப்பர். முறைப்பெயரே முகமனாகிவிடுகிறது.

உடை பற்றிய முறைமை இதனினும் கடுமையாக ஒருகால் உரசியது. சீறாப்புராணம் பாட விழைந்த உமறுப்புலவர், வரலாற்றுக் குறிப்புகளை வேண்டி, வள்ளல் சீதக்காதியின் தூண்டுதலால் சதக்கத்துல்லா அப்பாவை அணுகினார் என்றும், தமிழ்ப் புலவர்க்குரிய ஆடையணிகளோடு வந்த அவர் தோற்றங்கண்டு அப்பா மறுத்தனர் என்றும், பின்னர்க் கனவொன்றின் வழி மனம் நெகிழ்ந்து அவரைப் பரங்கிப்பேட்டைக்கு ஆற்றுப்படுத்தினர் என்றும் வழிவழிச் செய்தி கூறும். கனவை வரலாறாகக் கொள்ள யாம் துணியோம். ஆயின் மறுப்பு, நடந்திருக்கக்கூடிய ஒன்றே. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கரையில் எழுந்த வினா அதனுள் பொதிந்துள்ளது: தமிழ்ப் புலவன் கோலத்தோடு ஒருவன் நல்ல முஸ்லிமாதல் கூடுமோ? விடையாக வந்தது 5,027 பாடல்களும் மூன்று காண்டங்களும் கொண்ட பெருங்காப்பியம். அதன்கண் மக்கத்துத் திருமணம் தமிழ்நாட்டு மணவிழாவாகவே நடைபெறுகிறது. சீதக்காதியோ கிழவன் சேதுபதியின் (இறப்பு 1710) அவையில் சிறப்புற்றவர்; ‘செத்தும் கொடுத்தான்’ என்று நாட்டார் வழக்கில் நிலைத்தவர். கொடைக்குச் சமய வேறுபாடு பாராத அவர் வாயிலில் புலவர் பலரும் நின்றனர் என்பதைத் தமிழுலகம் அறியும், விரித்தல் வேண்டா.

உண்ணும் முறைமையை மட்டும் சிறிது விரித்தல் வேண்டும். கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களில் விருந்தின்போது ‘சகன்’ என்னும் அகன்ற தட்டைச் சூழ்ந்து சிலர் ஒருங்கிருந்து உண்பர். தன் முன்னுள்ள பகுதியிலிருந்தே எடுத்தல், வலக்கையால் உண்ணல், உணவைப் பழியாமை, உடனுண்பார் முடிக்குமுன் எழாமை ஆகியவை அங்குப் பேணப்படும் ஒழுங்குகள். மேலோட்டமாக நோக்குவார்க்கு இவை சிறு செய்திகள். ஆனால் பந்தியில் யார் யாரோடு இருக்கலாம், யார் கையால் யார் உண்ணலாம் என்பதையே ஏற்றத்தாழ்வின் அளவுகோலாகக் கொண்டிருந்த நாட்டில், ஒரு தட்டில் பலர் கையிட்டு உண்ணல் சிறு செய்தியன்று. தமிழ் விருந்து இலையால் மனிதரைப் பிரித்தது. சகன் அவரைக் கூட்டியது. அவர்களுள்ளும் செல்வர் வறியர் வேற்றுமை இல்லாமலில்லை. எனினும் தட்டைச் சுற்றி அமர்ந்தபின் அது சற்றே மறையும்.

இவ்விரு முறைமைகளும் ஓர் அடுக்களை வாயிலில் எதிர்நின்ற நிகழ்ச்சி இத்தீவிலேயே நடந்ததுண்டு. இன்று தங்கச்சிமடத்தை அடுத்த பேய்க்கரும்பில் 2015-ஆம் ஆண்டு முதல் துயிலும் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், 1999-இல் வெளிவந்த ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் அதனைக் கூறியுள்ளார். 1931-இல் பிறந்த அவர் இராமேசுவரத்தில் தொடக்கக் கல்வி பயின்றபோது, அறிவியலாசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் அவரைத் தம் இல்லத்துக்கு உணவுண்ண அழைத்தார். ஆசிரியர் மனைவியார் தம் ஆசார அடுக்களையில் முஸ்லிம் சிறுவனுக்குப் பரிமாற மறுத்தார். ஆசிரியர் சினவாது, தாமே பரிமாறி, அருகில் அமர்ந்து உண்டார். அம்மையார் கதவின் பின்னிருந்து நோக்கினார். தாம் சோறு உண்ட முறையிலோ நீர் பருகிய முறையிலோ உண்ட இடத்தைத் துடைத்த முறையிலோ யாது வேறுபாடு கண்டிருப்பார் எனச் சிறுவர் எண்ணினாராம். அடுத்த வாரமும் அழைப்பு வந்தது. அம்முறை அம்மையாரே உள்ளே அழைத்துச் சென்று தம் கையால் உணவிட்டார்.

இந்நிகழ்ச்சியைப் பேசுவோர் பெரும்பாலும் ஆசிரியரின் துணிவையே புகழ்வர். அது தக்கதே. எம் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றுவது, உண்ட இடத்தைத் துடைத்த சிறுவனின் கை. வீட்டில் தாய் கற்பித்த அதபு அங்கு வாதிடவில்லை. தன் வேலையைச் செய்தது. தம் இல்லத்தில் உறவினரினும் மிகுதியாகப் பிறர்க்கு உணவளித்தவர் அத்தாய் என்றும் அந்நூல் கூறுகிறது.

ஈண்டு எம் பிழையொன்றையும் கூறி அமைவோம். தங்கச்சிமடத்து வாயிலில் செய்தது முதற்பிழையன்று. அதற்குப் பல்லாண்டுகட்கு முன், வகுப்பில் தம் இல்லத்துப் பெருநாள் விருந்தைப் பற்றிக் கட்டுரை வரைந்த முஸ்லிம் மாணவர் ஒருவர், ‘சோறும் ஆணமும்’ என்று எழுதியிருந்தார். யாம் ஆணம் என்பதன் கீழ்ச் சிவப்புக் கோடிட்டு, ‘கொச்சை, குழம்பு என எழுதுக’ எனக் குறித்து, மதிப்பெண்ணும் குறைத்தோம். அவர் மறுத்துரைக்கவில்லை. ஆசிரியரை எதிர்த்துப் பேசாமை அவர் கற்ற முறைமை. யாம் அதனை ஒப்புதல் எனக் கொண்டோம். பின்னொருநாள் வேறொரு சொல் தேடிச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டியபோது, ஆணம் என்பதற்குக் குழம்பு என்னும் பொருள் அங்கே கிடந்தது. நேயம் என்னும் பொருளில் மற்றோர் ஆணமும் இருந்தது. இரண்டும் ஒருவேரின என்று சொல்ல எம்பால் சான்றில்லை. நம்மில் பலர் மறந்த பழந்தமிழ்ச் சொல்லொன்றை முஸ்லிம் அடுக்களைகள் காத்து வைத்திருந்தன என்பதற்கு மட்டும் சான்றுண்டு.

அம்மாணவர் இப்போது எங்குள்ளார் என அறியோம். விடைத்தாளும் இல்லை, குறைத்த மதிப்பெண்ணைத் திருப்பித் தருதல் இயலாது. முதுகலை மாணவர்க்கு யாம் வழங்கும் வட்டார வழக்குப் பாடக்குறிப்பில் ‘கொச்சைச் சொற்கள்’ என்றிருந்த பட்டியலை நீக்கி, ஆணம், பசியாறுதல், பெருநாள் என்னும் மூன்றையும் ‘பழஞ்சொல் எச்சங்கள்’ என்ற தலைப்பின்கீழ் அமைத்துள்ளோம். இக்கரையிலிருந்து வரும் மாணவர்கள் தம் இல்லத்துச் சொற்களை அப்பட்டியலில் சேர்த்து வருகின்றனர்.